தண்ணிக்குப் பயந்த பிக்கப்

எங்கள் பிக்கப்புக்கு மாரிகாலம் என்றால் ஆகாது. வெயில் காலத்தில் திறப்பைப் போட்டுத் திருகினாலே உறுமிக்கொண்டு எழும்பும் வாகனம், ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சொல்வழி கேட்காது. செல்ஃப் அடித்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மறுபடி அடித்தால் மறுபடியும் ஒரு டிக். பிறகு தை பிறக்கும் வரை தள்ளித்தான் எடுக்க வேண்டும். இந்தக் குணத்தால் ஒரு மாரியில் என் மனுசனை இராணுவ முகாமுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அவரை வெளியே எடுக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் வாகனத்தை அறியாதவர்களுக்கு அந்தக் கதை விளங்காது. ஆகவே முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் கிணறும் என் பேரில் இருந்தன. அவர் ஒரு சூட்கேசோடும் இந்தப் பழைய டீசல் பிக்கப்போடும் வந்து சேர்ந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சண்டை முற்றினால் “இது என்ட வளவு” என்று சொல்லிவிடுவேன். அவர் போய்ப் பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த முன் சீற்று மட்டும் அவருடைய ராச்சியம். அதற்குள் நான் சண்டையைக் கொண்டுபோனதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியை ஜன்னலால் நீட்டுவேன். அவர் வாங்கிக் குடித்தால் சமாதானம்.

அவருக்குத் தொழில் மீன் ஏற்றுவது. கல்குடாவிலும் கதிரவெளியிலும் கரையில் மீனை ஏற்றி ஏறாவூர்ச் சந்தைக்குக் கொண்டுவருவார். சுனாமி வந்த காலையில் பிக்கப்பைக் கல்குடாக் கரையில் விட்டுவிட்டு, றோட்டுப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அந்தத் தேத்தண்ணிதான் அவரைக் காப்பாற்றியது. பின்னேரம் செருப்பில்லாமல், யாரோ ஒருவருடைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்தார். அடுத்து வந்த நாட்களில் ஆட்களைத் தேடவும் தூக்கவும் போனார். அங்கே என்ன பார்த்தார் என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. பிக்கப்பைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. அந்த நேரத்தில் ஒரு வாகனத்துக்கு அழுவது வெட்கமாக இருந்தது.

பிறகு யாரோ வந்து, பனை வடலிப் பற்றைக்குள் ஒரு பிக்கப் தலைகுத்தாக நிற்கிறது என்று சொன்னார்கள். இருவரும் போனோம். சீற்று மட்டத்துக்கு மணல். அவர் கையால் மணலை வாரி எறிந்துவிட்டு, முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு நண்டு உயிரோடு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது. தன் வளவுக்குள் ஏன் வந்தீர்கள் என்று கேட்பது போல இருந்தது. அவர் சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் தலையை வைத்து நெடுநேரம் அழுதார். நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த நானா ஒருவர், டிராக்டரில் கயிறு கட்டி அதை இழுத்துவந்தார். எஞ்சினைப் பிரித்து, நல்ல தண்ணியாலும் டீசலாலும் கழுவிக் கழுவி ஊற்றினார்.

“கடல் தண்ணி குடிச்ச வாகனம் தங்கச்சி. எஞ்சினை நான் எடுத்துத் தருவன். வயருக்குள்ள போன உப்பை அல்லாஹ்தான் எடுக்கணும்” என்றார்.

சொன்னபடியே எஞ்சினை எடுத்துத் தந்தார். கரும்புகை கக்கிக்கொண்டு அது உயிர் பெற்றபோது, கராஜில் நின்றவர்கள் எல்லாம் கையைத் தட்டினார்கள். வயருக்குள் போன உப்பு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. செல்ஃப் மோட்டருக்குப் போகிற வயர் காய்ந்திருந்தால் வேலை செய்யும். ஈரம் பட்டால் படுத்துவிடும். ஒவ்வொரு மாரியிலும், மழை விடட்டும், இந்த முறை வயரிங் முழுவதையும் மாற்றிவிடுவோம் என்று தீர்மானம் எடுப்போம். தையில் வெயில் எறித்ததும் அது சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். தீர்மானமும் மறந்துவிடும்.

மாரியில் அதைப் பராமரிப்பது கைக்குழந்தை வளர்ப்பது போன்ற வேலை. விடிந்ததும் டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணியைத் திறந்துவிட வேண்டும். பற்றரி முனைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கிரீஸ் பூச வேண்டும். மழை நனைக்காமல் பொனெட்டுக்கு மேல் சாக்குகளைப் போட்டுக் கட்ட வேண்டும். சாக்கைத் தூக்கினால் தவளை பாயும். வைப்பர் எப்போதோ உடைந்துவிட்டது. முன் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிட்டால் தண்ணி வழிந்து ஓடும். வயல் வட்டை எல்லாம் வெள்ளம் மூடி, றோட்டு எது வாய்க்கால் எது என்று தெரியாத நாட்களில், நான் இறங்கிச் சட்டையை நனைத்துக்கொண்டு முன்னால் நடப்பேன். அவர் முதலாம் கியரில், காலை எடுக்காமல், என் முதுகைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வருவார். “கொஞ்சம் இடக்கைப் பக்கம் போ புள்ள” என்று உள்ளே இருந்து அதிகாரம் வேறு.

தள்ளி எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் உள்ளே இருந்து, இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பின்னால் தள்ள, வாகனம் உருளத் தொடங்கியதும் கிளட்சை விட வேண்டும். எஞ்சின் குலுங்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் அவர் உள்ளே இருந்தார்; நான் தள்ளினேன். ஒரு மாரி முழுவதும் தள்ளினேன். அது அசைந்ததைவிட நான் சேற்றில் சறுக்கியதுதான் அதிகம். கடைசியில் அவர் இறங்கிப் பின்னால் போனார். நான் ஏறி உட்கார்ந்தேன். நான் வாகனம் ஓட்டப் பழகிய கதை அவ்வளவுதான். லைசென்ஸ் கிடையாது, எங்கள் வளவுக் கடப்படியில் இருந்து ஒழுங்கை முடியும் வரைக்கும்தான் ஓட்டுவேன். “கிளட்சை மெதுவா விடு புள்ள. பாம்பைக் கண்ட மாதிரிக் காலை எடுக்காத” என்று பின்னால் நின்று கத்துவார். அவர் கத்தக் கத்த எனக்குக் கால் இன்னும் உதறும்.

ஆமிக்காரர்கள் வழிமறித்துச் சோதிக்கும் சென்றிகளில்தான் பெரிய பாடு. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு சென்றியிலும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நிறுத்தினால் எங்கள் பிக்கப் எடுக்காது. வரிசையில் நிற்கிற சனம்தான் தள்ளிவிடும். மீன் மணக்கிற வாகனத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளிய ஆசிரியர்கள், அரசாங்கக் கந்தோர் ஆட்கள் எல்லாரையும் எனக்கு நினைவிருக்கிறது. ஏறாவூர் றோட்டுச் சென்றியில் இருந்த ஆமிக்காரர்கள் இரண்டொரு முறை தாங்களே தள்ளிக் களைத்துப் போனார்கள். அதன் பிறகு தூரத்தில் கண்டதுமே “ஓஃப் வேணாம், ஓஃப் வேணாம்” என்று கையைக் காட்டுவார்கள். ஆட்கள் மாறினால் புதியவர்களுக்கு முதலில் இருந்து பாடம் எடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து நிலம் தட்டு மாதிரி. பந்தை வைத்தாலும் உருளாது. மேடு என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில், வாய்க்காலுக்கு மேலால் றோட்டு ஏறி இறங்குகிற மதகு. கிழக்கில் சண்டை முடிந்து, வடக்கில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த அந்த மாரியில்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பின்னேரத்தில் பிக்கப்பை மதகில் ஏற்றி, முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு வருவார். காலையில் கல்லை எடுத்தால் தானாக உருளும். கிளட்சை விட்டால் பிடிக்கும். தள்ள ஒருவரும் தேவையில்லை. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். நானும் மெச்சினேன். பாலத்தில் ஆளில்லாமல் ஒரு வாகனம் நின்றால் அந்தக் காலத்தில் மற்றவர்களுக்கு என்ன தோன்றும் என்று இருவருமே யோசிக்கவில்லை. எங்களுக்கு அது எங்கள் பிக்கப். அதில் யாருக்கு என்ன பயம்?

கிழமைக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு பக்கத்து முகாமுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். காலையில் றோட்டைப் பரிசோதித்துக்கொண்டு வந்தவர்கள் மதகில் அதைக் கண்டார்கள். முன்பக்கம் சாக்கால் மூடியிருக்கிறது. சாக்குக்குக் கீழே நானா வெளியால் இழுத்துக் கட்டிய வயர்கள் தொங்குகின்றன. சீற்றுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின். நியாயத்தைச் சொல்ல வேண்டும், யார் கண்டாலும் குண்டு என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பக்கமும் றோட்டை மறித்துவிட்டுப் பற்றைக்குள் படுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து என் மனுசன், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்தபடி மதகில் ஏறினார். நேரே போனார், குனிந்தார், கல்லை எடுக்கச் சக்கரத்துக்குக் கீழே கையை விட்டார். அவ்வளவுதான், எல்லாப் பக்கத்தாலும் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள்.

பக்கத்து வளவுக்காரி ஓடிவந்து சொன்னதும் செருப்பையும் போடாமல் ஓடினேன். நான் போவதற்குள் அவரையும் கொண்டுபோய்விட்டார்கள், வாகனத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மதகில் கல் மட்டும் கிடந்தது.

முகாம் வாசலில் “நாளைக்கு வா” என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழ் என்னைப் போலப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மகனை ஆவணியில் பிடித்தார்களாம். அவள் எனக்கு இடம் விட்டுத் தந்தாள்.

“சோத்துப் பார்சலைக் குடுத்துப் பாருகா. வாங்கினா ஆள் உள்ள இரிக்காரெண்டு அர்த்தம்” என்றாள்.

“உன்ட பார்சலை வாங்கினாங்களா?”

“முதல் வாங்கினாங்க. இப்ப வாங்கிறல்ல.”

அவள் மடியில் அன்றைக்கும் பார்சல் இருந்தது. நான் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சோறும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கினார்கள். அந்த நிம்மதியை அவள் முன்னால் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பார்சலை நீட்டும்போது, இன்றைக்கும் வாங்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை. அந்த நாட்களில் மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. அது நல்லதா கெட்டதா என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தகரக் கொட்டில் ஒன்றுக்குக் கீழே எங்கள் பிக்கப் நின்றது. சாக்கைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் கதிரையில் இருந்தார். கொஞ்சம் தமிழ் பேசினார்.

“வாகனம் பாலத்துக்கு மேல ஏன்?”

“ஸ்டார்ட் ஆகாது ஐயா. பள்ளத்தில உருட்டித்தான் எடுக்கிற. அதுக்காகத்தான் மேட்டில விடுற.”

“அவனும் அதுதான் சொல்றது” என்றார். பிறகு யாருக்கோ கையைக் காட்டினார். என் மனுசனைக் கூட்டிவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. இடக்கை மணிக்கட்டை வலக்கையால் தாங்கிக்கொண்டு நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி ஒரு ஆமிக்காரனிடம் திறப்பைக் கொடுத்தார். அவன் ஏறி உட்கார்ந்து திருகினான். எங்கள் பிக்கப் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

ஐப்பசியில் இருந்து எங்களைப் பாடாய்ப் படுத்திய வாகனம், அன்றைக்குப் பார்த்து, புதுப் பெண்சாதி மாதிரி ஒரு சத்தம் இல்லாமல் எழும்பி நின்றது. அதிகாரி என்னைப் பார்த்தார். என் மனுசன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிக்கப்பை நான் வெறுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடம்தான். ஓங்கிப் பொனெட்டில் ஒரு அடி அடித்தேன். தகரம் காய்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூரைக்குக் கீழே நின்றிருக்கிறது, நாட்கணக்கில் வெயில் எறித்திருக்கிறது, எங்காவது துளி ஈரம் இருந்தால்தானே.

“ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்க. எனக்கு ஒரு வாளி தண்ணி தாங்க.”

ஏன் என்று கேட்டார். “தாங்க ஐயா, காட்டுறன்” என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, கொண்டுவரச் சொன்னார். பொனெட்டைத் திறந்து, நானா வயர் கட்டியிருந்த இடத்தில் வாளியைச் சரித்தேன். மிச்சம் இருந்ததைச் செல்ஃப் மோட்டருக்கு மேல் ஊற்றினேன். ஆமிக்காரன் திறப்பைத் திருகினான். டிக். மறுபடி திருகினான். டிக். அவனை இறக்கிவிட்டு அதிகாரி தானே ஏறினார். டிக். அந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையோடு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதிகாரி இறங்கி வந்து என் மனுசனைப் பார்த்துக் கேட்டார். “தண்ணி பட்டா எப்பவும் இப்படியா?”

“ஓம் ஐயா. சுனாமியில அடிபட்டது. அதுக்குப் பிறகு தண்ணியெண்டா பயம்.”

பிக்கப்பைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை. அதிகாரி, ஒவ்வொரு கிழமையும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், வாகனத்தை இனிப் பாலத்தில் கண்டால் கதை வேறு, கொண்டுபோ என்றார். அந்த அதிகாரி நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மணிக்கட்டை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு விட்டார், அதையும் மறைக்கக் கூடாது.

மணிக்கட்டு வீங்கியிருந்ததால் அவரால் கியர் மாற்ற முடியாது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் தோளைக் கொடுக்க, இரண்டு ஆமிக்காரர்கள் சேர்ந்து தள்ளினார்கள். எஞ்சின் குலுங்கிப் பிடித்தது. தள்ளியவர்கள் திரும்பிப் போனார்கள். நான் முதலாம் கியரில் வாசலை நோக்கி உருட்டினேன். அவர் பின்னால் நடந்து வந்தார். வாசலில் குறுக்கே போட்டிருந்த மரத்தைத் தூக்கி வழிவிட்டார்கள். முன் சக்கரம் வெளியே போன நேரம், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வாசல் சென்றிக்காரன் அவரை மறித்துத் துவக்கைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். விடச் சொல்லி எழுதிய துண்டு இல்லாமல் ஆளை விட முடியாதாம். வாகனத்தை விடச் சொல்லி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள், ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

எதிரே வேப்பமரத்தடியில் இருந்த பெண்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். துண்டு எடுக்க அவர் திரும்பி உள்ளே போனால், அந்த நேரத்துக்குள் யாருடைய மனம் எப்படி மாறும்? இந்த வாகனத்தை எடுத்த பிறகு என்ன வந்தாலும் நிப்பாட்டாதே என்று வருசக்கணக்கில் அவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நான் கிளட்சை விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். பிக்கப் ஒரு குலுக்குக் குலுக்கி, வாசல் மரத்துக்கு நேர் கீழே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செத்து நின்றது.

வெளியே இருந்து வந்த தண்ணி ஏற்றிய பவுசர் லொறி ஒன்று ஹோர்னை அடிக்கத் தொடங்கியது. மரத்தைப் போட முடியாது, பவுசர் உள்ளே வர முடியாது. உள்ளே இருந்து யாரோ கத்தினார்கள். சென்றிக்காரனுக்கு வேர்த்துவிட்டது. துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு என் மனுசனைப் பார்த்து “தள்ளு, தள்ளு” என்றான். அவர் தோளைக் கொடுத்தார். அவனும் கொடுத்தான். இருவருமாகத் தள்ளி என்னை வாசலுக்கு வெளியே, றோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எஞ்சின் பிடித்தது. நான் மெதுவாக உருட்டிக்கொண்டே மற்றப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன். அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். ஒருவரும் கூப்பிடவில்லை.

வேப்பமரத்தைத் தாண்டும்போது, அந்தப் பார்சல்காரி என்னைப் பார்த்து, போ போ என்று கையைக் காட்டினாள். அடுத்த வருசம் சண்டை முடிந்தது. அவளுடைய மகன் வரவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சத் தூரம் போன பிறகு வாயைத் திறந்தார். “வாசல்ல வச்சு ஏன் புள்ள நிப்பாட்டின? எத்தினை தரம் சொல்லியிரிக்கன், கிளட்சை மெதுவா விடு எண்டு” என்றார். என் கண்ணில் தண்ணி வழிந்து றோட்டை மறைத்தது. கியரை மாற்று, ஓரத்தைப் பார், காலை எடு என்று வீடு வரும் வரை ஏசிக்கொண்டே வந்தார். இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும், ஓட்டத் தெரியாமல் காம்ப் வாசலில் எஞ்சினை நிப்பாட்டியவள் இவள் என்று என்னைப் பழித்துச் சிரிக்கிறார். நான் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. பழிப்பதற்கு அவர் இருக்கிறார்.